கோழி தூங்குதா? முதலில் கையில் தூக்குங்கள்

எங்கள் அம்மா தருமபுரிக்காரர். கோழிக்கு நோய் என்ற சொல்லே அவர் வாயில் வராது. “கருப்பி தூங்குறா, போய் என்னன்னு பாரு” என்பார். பட்டப்பகலில் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, இறகைப் பந்து மாதிரி சிலிர்த்துக்கொண்டு, கண்ணை மூடி ஓரமாக நிற்கும் கோழிக்கு அதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

பெங்களூர் ராமமூர்த்தி நகரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு கொய்யா மரம், அதன் அடியில் ஐந்து கோழிகள். மூன்று நாட்டுக்கோழி. இரண்டு கிரிராஜா, ஹெப்பாள் கால்நடைக் கல்லூரியில் உருவாக்கிய இனம், உள்ளூர்க்காரி. ஏழு வருடத்தில் சிலதைக் காப்பாற்றியிருக்கிறேன், சிலதைக் கொய்யா மரத்தடியில் புதைத்திருக்கிறேன். புதைத்தவற்றில் பாதி, நான் ஒரு நாள் முன்னால் கையில் தூக்கிப் பார்த்திருந்தால் பிழைத்திருக்கும்.

கோழி தன் சீக்கை மறைக்கும். பலவீனம் தெரிந்தால் கூட்டத்தில் மற்றவை கொத்தும். அதனால் நீங்கள் தீவனம் வைக்கும்போது அதுவும் ஓடி வந்து கொத்துவது போலக் காட்டும், ஆனால் உள்ளே ஒன்றும் போயிருக்காது. தூங்கி விழுகிறது என்று நம் கண்ணில் படும்போது இரண்டு நாள் கழிந்திருக்கும்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் வேலை ஒன்றுதான்

மாலையில் கோழியைப் பிடித்து, தலை உங்கள் முதுகுப் பக்கம் வரும்படி அக்குளில் இடுக்கிக்கொள்ளுங்கள். நெஞ்செலும்பைத் தடவுங்கள். இரண்டு பக்கமும் சதை இருந்தால் நல்லது. கத்தி முனை மாதிரி துருத்தினால் அது நேற்று வந்த சீக்கு இல்லை, பல வாரமாக இளைத்திருக்கிறது. அடுத்து இரைப்பை. கழுத்து முடியும் இடத்தில், நெஞ்சின் வலப்பக்கம் இருக்கும். மாலையில் நிறைந்து கெட்டியாக இருக்க வேண்டும், விடிகாலையில் காலியாகச் சுருங்கியிருக்க வேண்டும். பிறகு வாலைத் தூக்கிப் பின்துவாரத்தைப் பாருங்கள்: எச்சம் ஒட்டிக் காய்ந்திருக்கிறதா, இறகின் அடியில் பேன் ஓடுகிறதா. கடைசியாக உள்ளங்கால்.

கோழியின் உடல் வெப்பம் சாதாரணமாகவே 41 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் இருக்கும். தொட்டுப் பார்த்து “காய்ச்சல் அடிக்குது” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். என் கணவர் இன்னும் சொல்வார்.

சந்தேகம் வந்தவுடன் அட்டைப் பெட்டியிலோ பஞ்சாரத்திலோ தனியாகக் கவிழ்த்துவிடுங்கள். அடியில் செய்தித்தாள் விரித்தால் எச்சம் தெளிவாகத் தெரியும். டிசம்பர், ஜனவரியில் பெங்களூர் இரவு 15 டிகிரி வரை இறங்கும். சீக்குக் கோழிக்கு அந்தக் குளிரே எமன். பெட்டியின் ஒரு மூலைக்கு மட்டும் ஒரு குண்டு பல்பின் சூடு கிடைக்கட்டும், வேண்டாமென்றால் அது மறுமூலைக்கு நகர்ந்துகொள்ளும். தண்ணீரில் கொஞ்சம் குளுக்கோஸ் கலந்து வையுங்கள். வாயைத் திறந்து ஊற்றாதீர்கள். மூச்சுக்குழாயின் வாய் நாக்குக்குப் பின்னாலேயே இருக்கிறது, ஒரு துளி தவறினால் நுரையீரலுக்குப் போய்விடும். அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக வைத்தால் அதுவே சப்பி விழுங்கும்.

காலையிலும் இரைப்பை நிறைந்தே இருக்கிறது

இது அடைப்பு. எங்கள் கருப்பிக்கு வந்தது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை சாமி படத்துக்குச் சாத்திய மல்லிகைச் சரத்தைச் சனிக்கிழமை கழற்றிக் குப்பைக் குழியில் போட்டேன். பூ வாடிப் போனது, நூல் மிஞ்சியது. கோழிக்கு நூல் என்றால் புழு. திங்கள் காலை தூக்கியபோது இரைப்பை டென்னிஸ் பந்து அளவுக்குக் கல்லாக இருந்தது. தேங்காய் எண்ணெய் அரை டீஸ்பூனைச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்து, தீவனத்தை நிறுத்தி, தண்ணீர் மட்டும் வைத்து, நாளுக்கு நான்கு முறை விரல்களால் மெல்லப் பிசைந்தேன். புல்லோ சோற்றுக் கட்டியோ அடைத்திருந்தால் ஒரு நாளில் இளகிவிடும். இது இளகவில்லை. மறுநாள் ஒரு கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே முதலில் பார்த்தவர், “ஒரு கோழிக்கு இவ்வளவா, அறுத்துச் சாப்பிட்டுடுங்க மேடம்” என்றார். உள்ளே இருந்த இளம் மருத்துவர்தான் மரத்துப் போக ஊசி போட்டு, இரைப்பையின் மேல் இரண்டு விரல் அகலத்துக்குக் கீறி, சாமணத்தால் இழுத்தார். நூல் வந்துகொண்டே இருந்தது. நனைந்த கறுப்புப் பந்து, நடுவில் வாழைநார், அதோடு எங்கிருந்தோ ஒரு பிளாஸ்டிக் பட்டை. உள்தோலுக்குத் தனியாக, வெளித்தோலுக்குத் தனியாகத் தையல் போட்டார். கருப்பி ஒரு வாரம் தயிரில் கரைத்த தீவனம் தின்றாள். இன்றும் இருக்கிறாள். பூச்சரத்தின் நூலை இப்போது துண்டு துண்டாகக் கத்தரித்து வெளிக் குப்பையில்தான் போடுகிறோம்.

இரைப்பை கல்லாக இல்லாமல் தண்ணீர்ப் பை மாதிரி தளதளவென்று இருந்து, வாயில் புளித்த மாவு நாற்றம் அடித்தால் அது வேறு. உள்ளே பூஞ்சை பிடித்துத் தீவனம் புளித்திருக்கிறது. தலைகீழாகப் பிடித்து வாந்தி எடுக்க வைக்கச் சொல்லி வீடியோக்கள் சுற்றுகின்றன. செய்யாதீர்கள், மூச்சில் ஏறிச் செத்துவிடும். பன்னிரண்டு மணி நேரம் தீவனம் நிறுத்துங்கள், சோறும் ரொட்டியும் அறவே வேண்டாம். சரியாகாவிட்டால் பூஞ்சை மருந்துக்கு மருத்துவர்தான்.

பென்குவின் மாதிரி நிற்கிறது, முக்குகிறது

முட்டை சிக்கிக்கொண்டது. வால் இறங்கி, உடம்பு நிமிர்ந்து, அடிக்கடி முட்டைப் பெட்டிக்குப் போய் வெறுமனே திரும்பும். ஒரு அகலமான பக்கெட்டில் உங்கள் கை தாங்கும் வெதுவெதுப்பான தண்ணீரில் வயிறு முங்கும்படி 20 நிமிடம் உட்கார வையுங்கள். முதலில் உதறும், பிறகு கண் சொருகிக் கிடக்கும். துடைத்து, பின்துவாரத்தில் எண்ணெய் தடவி, இருட்டான சூடான பெட்டியில் விடுங்கள். வயிற்றை அமுக்கி முட்டையைத் தள்ளிவிட நினைக்காதீர்கள். உள்ளே உடைந்தால் ஓடு கிழித்துவிடும். ஒரு நாள் கழிந்தும் வரவில்லை என்றால் மருத்துவரிடம் ஓட வேண்டும்.

தசை சுருங்கி முட்டையைத் தள்ள கால்சியம் வேண்டும். முட்டை சிக்குவதற்குப் பல காரணம் உண்டு, ஆனால் வீட்டுக் கோழியில் நான் முதலில் சந்தேகப்படுவது தீவனத் தட்டைத்தான்.

ஓடு இல்லாத முட்டை, தொட்டால் உடையும் முட்டை, தன் முட்டையைத் தானே தின்பது

மூன்றும் பெரும்பாலும் ஒரே வியாதி, கால்சியம் பற்றாக்குறை. இங்கேதான் பெங்களூர்க்காரர்கள் எல்லோரும் ஒரு பள்ளத்தில் விழுகிறோம். பக்கத்து வீட்டு அஜ்ஜி, அதாவது கன்னடப் பாட்டி, தினமும் மிச்சம் விழுந்த ராகிக் களி உருண்டையைச் சுவருக்கு மேலே நீட்டுவார். “ராகியில இல்லாத கால்சியமா கண்ணா, கோழிக்குப் போடு” என்பார். அன்பாகக் கொடுப்பதை எப்படி மறுப்பது?

கணக்குப் போட்டுப் பார்த்தேன். தானியங்களில் ராகி ராஜாதான், 100 கிராமில் சுமார் 340 மில்லிகிராம் கால்சியம். ஆனால் ஒரு முட்டை ஓட்டில் மட்டும் சுமார் 2 கிராம் கால்சியம் இருக்கிறது. தின்பதில் பாதிதான் உடம்பில் சேரும் என்பதால், முட்டையிடும் கோழிக்கு ஒரு நாளைக்கு 4 கிராம் வரை வேண்டும். கோழி ஒரு நாளில் தின்பதே 100 முதல் 120 கிராம்தான். அத்தனையும் ராகியாகவே இருந்தாலும் தேவையில் பத்தில் ஒரு பங்குதான் வரும். சோறாக இருந்தால் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். மீதிக் கால்சியத்தைக் கோழி தன் எலும்பிலிருந்து உருவும். நெஞ்செலும்பு வளைவதும், காலைத் தாங்க முடியாமல் உட்கார்ந்துவிடுவதும் அதன் தொடர்ச்சி.

தீர்வு விலை குறைந்தது. கிளிஞ்சல் தூளைத் தீவனத்தில் கலக்காமல் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். முட்டையிடும் கோழி தனக்கு வேண்டியதைத் தானே எடுத்துக்கொள்ளும். மாலையில் அதிகம் எடுக்கும், ஏனென்றால் ஓடு இரவில்தான் உருவாகிறது. முட்டையிடாத இளங்கோழிக்குக் கால்சியம் அதிகமானால் சிறுநீரகம் கெடும், கலந்து போட வேண்டாம் என்பது அதனால்தான். முட்டை ஓட்டையே வாணலியில் வறுத்துப் பொடித்தும் வைக்கலாம். முழு ஓடாகப் போட்டால் முட்டை தின்னப் பழகிவிடும்.

எச்சத்தைப் படிப்பது

பழுப்பு உருண்டை, மேலே வெள்ளைத் தொப்பி: நல்ல எச்சம். வெள்ளை என்பது கோழியின் சிறுநீர்தான், பயப்பட வேண்டாம். எட்டுப் பத்து எச்சத்துக்கு ஒரு முறை களிம்பு மாதிரி, காபிக்கொட்டை நிறத்தில், குடலைப் பிடுங்கும் நாற்றத்தோடு ஒன்று வரும். அதுவும் இயல்பே. வெயில் காலத்தில் தண்ணீர் அதிகம் குடித்து நீராகப் போவதும் அப்படித்தான்.

பச்சை எச்சத்தைப் பார்த்ததும் பதற வேண்டாம். இரண்டு நாள் இரை எடுக்காத எந்தக் கோழிக்கும் பித்தநீர் மட்டும் இறங்கிப் பச்சையாகப் போகும். பச்சையும் வெள்ளையுமாகப் பீய்ச்சி, கூடவே மூச்சு வாங்கி, கழுத்து முறுக்கிக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாகக் கோழிகள் விழுந்தால் அது வெள்ளைக்கழிச்சல். 1920களில் குமாவோன் மலையில் ராணிகேத் என்ற ஊரில் கண்டறிந்ததால் நம் நாட்டில் ராணிகேத் நோய் என்றே பெயர். வைரஸ் நோய், வந்த பிறகு மருந்து கிடையாது. சீரகம், மிளகு, கீழாநெல்லி அரைத்து உருட்டிக் கொடுப்பதை அம்மா விடமாட்டார். நான் தடுப்பதில்லை, ஆனால் நம்புவது தடுப்பூசியை மட்டுமே. குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, எட்டு வாரத்தில் ஆர்2பி (R2B) தடுப்பூசி. சிக்கல் என்னவென்றால், ஒரு குப்பி நூறு கோழிக்கு வரும், கரைத்தால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். ஐந்து கோழிக்காரர் என்ன செய்வது? எங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலுமாகக் கோழி வளர்க்கும் எட்டு வீடுகளைச் சேர்த்து ஒரே ஞாயிறில் போட்டுவிடுகிறோம்.

எச்சத்தில் ரத்தம், அதுவும் இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குஞ்சுகளுக்கு என்றால், ரத்தக் கழிச்சல். ஈரத் தரையில் பெருகும் ஒட்டுண்ணி. ஆம்ப்ரோலியம் தண்ணீரில் கலந்து கொடுப்பார்கள், அளவை மருத்துவரிடம் கேளுங்கள். தரையை அன்றே உலர்த்துங்கள், இல்லாவிட்டால் மருந்து வீண்.

எச்சத்தில் புழு கண்ணில் பட்டால் குடற்புழு நீக்க மருந்து. மண்ணில் மேயும் கோழிக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை கொடுப்பது வழக்கம்.

கொண்டை வெளுத்திருக்கிறது

உடம்பும் இளைத்திருந்தால் குடற்புழு. இளைக்கவில்லை, ஆனால் இரவில் கூட்டுக்குள் போக மறுக்கிறது என்றால் செஞ்செள்ளு. பகலில் கோழியின் மேல் தேடினால் கிடைக்காது. அது கட்டையின் வெடிப்பில் ஒளிந்திருந்து இரவில் வந்து ரத்தம் குடிக்கும். இரவு பத்து மணிக்கு டார்ச்சோடு போய், கோழி உட்காரும் கட்டையின் அடிப்பக்கத்தை வெள்ளைத் துணியால் ஒரு இழுப்பு இழுங்கள். துணியில் சிவப்புக் கோடு விழுந்தால் ஆள் அகப்பட்டான். கோழிக்கு மருந்து போட்டு என்ன பயன், கூட்டுக்குப் போடுங்கள்: கட்டையைக் கழற்றிக் கொதிநீர் ஊற்றி, வெயிலில் காயவைத்து, வெடிப்பெல்லாம் அடையச் சுண்ணாம்பு அடியுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடியும், ஏனென்றால் முட்டைகள் பொரிந்திருக்கும்.

பேன் அப்படியில்லை, கோழி மேலேயே இருக்கும். மண்ணும் அடுப்புச் சாம்பலும் கலந்து ஒரு தொட்டி வைத்தால் கோழி தானே புரண்டு பாதியைத் தீர்த்துக்கொள்ளும். இந்த ஊரில் அடுப்புச் சாம்பலுக்கு எங்கே போவது என்கிறீர்களா? தெருவோரம் இஸ்திரி போடுபவரிடம் கேளுங்கள், கரிச்சாம்பலை அவரே கட்டிக் கொடுப்பார்.

கொண்டையில் கறுப்புப் பொருக்கு என்றால் கோழி அம்மை. கொசுவால் பரவுவது, மழைக்காலத்தில் அதிகம். மஞ்சளையும் வேப்பெண்ணெயையும் குழைத்துத் தடவினால் புண் காயும், இரண்டு மூன்று வாரத்தில் பொருக்கு உதிரும். வாய்க்குள் வந்தால்தான் ஆபத்து.

நொண்டுகிறது

உள்ளங்காலைத் திருப்புங்கள். நடுவில் கறுப்புப் பொட்டும் வீக்கமும் இருந்தால் சீழ்க்கட்டி. சிமெண்ட் தரையில் வளரும் நகரத்துக் கோழிக்கு இது சகஜம். ஆரம்பத்தில் உப்பு கலந்த வெந்நீரில் ஊறவைத்து, போவிடோன் அயோடின் போட்டுத் துணி கட்டினால் போதும். தரையில் மரத்தூளோ மணலோ பரப்புங்கள், உயரமான கட்டையை இரண்டடிக்கு இறக்குங்கள். ஒரு கால் முன்னாலும் ஒரு கால் பின்னாலும் விரிந்து கிடந்தால் அது நரம்பைத் தாக்கும் மாரெக்ஸ் நோயாக இருக்கலாம். அதற்கு மருந்து இல்லை.

இறகு கொட்டுகிறது, முட்டை நின்றுவிட்டது

மழை முடிந்து நாள் குறுகும்போது என்றால் விட்டுவிடுங்கள், பழைய இறகை உதிர்த்துப் புதிதாகப் போடுகிறது. இறகில் பெரும்பகுதி புரதம், அதனால் முட்டைக்குப் புரதம் மிஞ்சாது. தினமும் முட்டையிட 14 மணி நேரமாவது வெளிச்சம் வேண்டும். பெங்களூரில் ஜூன் மாதத்திலேயே பகல் 13 மணி நேரத்தை எட்டாது. நாட்டுக்கோழி வருடத்துக்கு 60, 80 முட்டைதான் இடும், அதோடு மல்லுக்கட்டாதீர்கள்.

முகம் வீங்கி, கண்ணில் நுரை தள்ளி, மூக்கில் நாற்றம் அடித்தால், அல்லது இரவில் கர்கர் என்று மூச்சு இழுத்தால், வீட்டு வைத்தியத்தில் நாளைக் கடத்த வேண்டாம். மருந்துக்கடைக்காரர் நீட்டும் ஆன்டிபயாடிக்கை வாங்கிக் கொடுக்கவும் வேண்டாம். கோலிஸ்டினைக் கோழிக்குக் கொடுக்க 2019இலேயே நாடு முழுக்கத் தடை வந்துவிட்டது, அப்படியும் பழைய யோசனைகள் வாய்வழியாகச் சுற்றுகின்றன. மருத்துவர் எழுதிக் கொடுத்தால் எத்தனை நாள் முட்டை சாப்பிடக் கூடாது என்று அப்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

தீவனத் தட்டை மாற்றுவது

கடையில் லேயர் தீவனம், அதாவது முட்டைக் கோழித் தீவனம், வாங்கிப் போட்டால் 16 முதல் 18 சதவீதப் புரதமும் கால்சியமும் அதிலேயே இருக்கும், தலைவலி இல்லை. யஷ்வந்த்பூர் சந்தைப் பக்கம் போகிறவர்கள் மூட்டையாக வாங்கி நான்கு வீடு பிரித்துக்கொள்ளலாம். மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் சிக்குப் பிடிக்கும்.

நானே கலப்பது இப்படி, ஏறக்குறைய ஒரு கிலோ கணக்குக்கு: உடைத்த மக்காச்சோளமும் கம்பும் ராகியுமாக 550 கிராம், அரிசித் தவிடு 200, கடலைப் புண்ணாக்கு 150, உப்பில்லாக் கருவாட்டுத் தூள் 60, தாது உப்புக் கலவை 20. கிளிஞ்சல் தனிக் கிண்ணத்தில். நாம் குழம்பு வைக்கும் கருவாட்டைப் போட்டுவிடாதீர்கள், அந்த உப்பே கோழியைக் கொல்லும். புண்ணாக்கை முகர்ந்து பார்த்து வாங்குங்கள். மழைக்காலத்தில் பூசணம் பிடித்த புண்ணாக்கின் நஞ்சு ஈரலைத் தின்றுவிடும், உலர்த்தினாலும் வறுத்தாலும் போகாது. முருங்கைக் கீரையைக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டால் குதித்துக் குதித்துத் தின்னும். அவற்றுக்கும் பொழுது போகும்.

அஜ்ஜியின் களி? இப்போதும் வாங்கிக்கொள்கிறேன். நெல்லிக்காய் அளவு உருட்டி, மாலையில், தீவனம் தின்று முடித்த பிறகுதான் போடுகிறேன். வெண்ணெய்ப் பழம், வேகாத ராஜ்மா, சாக்லேட் ஆகியவற்றைக் கிட்டவே விடாதீர்கள்.

சீக்கிலிருந்து எழும் கோழிக்கு முதல் மூன்று நாள் அதே தீவனத்தை வெதுநீரில் கூழாகக் கரைத்து, அவித்த மஞ்சள்கரு பாதியைப் பிசைந்து கொடுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக, நாளுக்கு ஐந்து முறை.

செத்துப்போனால்

ஒன்று செத்தால் புதைக்கலாம். இரண்டு நாளில் இரண்டு மூன்று செத்தால் புதைக்காதீர்கள், கறியாக்குவது பற்றி யோசிக்கவே வேண்டாம். கையுறை போட்டு இரண்டு கவரில் கட்டி, ஐஸ் வைத்து, ஹெப்பாளில் உள்ள கால்நடை நோயறி நிலையத்துக்குக் கொண்டுபோனால் அறுத்துப் பார்த்துச் சொல்வார்கள். உறையவைக்கக் கூடாது. ஒரே நேரத்தில் நிறைய விழுந்தால் எதையும் நகர்த்தாமல் கால்நடைத் துறைக்குத் தகவல் கொடுங்கள். 2012 அக்டோபரில் ஹெசரகட்டாவில் மத்திய அரசின் கோழிப் பண்ணையிலேயே பறவைக் காய்ச்சல் புகுந்து வான்கோழிகள் ஆயிரக்கணக்கில் செத்தன. அங்கே வந்தது நம் கொல்லைக்கு வர எவ்வளவு நேரம்?

பிழைத்துவிட்டால் இன்னொரு வேலை பாக்கி. பத்து நாள் பெட்டியில் இருந்தவளைப் பகலில் கொண்டுபோய் விட்டால், பழைய தோழிகளே புதுக்கோழி வந்ததாக நினைத்துக் கொண்டையைக் கிழித்துவிடுவார்கள். முதலில் இரண்டு நாள் பஞ்சாரத்தோடு நடுமுற்றத்தில் வையுங்கள், கண்ணுக்குப் பழகட்டும். பிறகு இருட்டின பிறகு, எல்லோரும் கட்டையில் தூங்கும்போது, சத்தமில்லாமல் தூக்கிக்கொண்டுபோய் ஓரத்தில் உட்கார வைத்துவிடுங்கள். விடிந்ததும் யாரும் கேள்வி கேட்பதில்லை. கருப்பியை அப்படித்தான் சேர்த்தேன். நெஞ்சில் தையல் தெரிந்துகொண்டிருந்தது, அவள் பாட்டுக்கு இறங்கி வந்து கிளிஞ்சல் கிண்ணத்தை முதல் ஆளாகப் பிடித்துக்கொண்டாள்.